பெயரில் மட்டும் இளவரசர்: பிரின்ஸ் ஹால் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் முதல் கறுப்பின ஃப்ரீமேசன் லாட்ஜை பாஸ்டன் நகரில் தொடங்கியவர் பிரின்ஸ் ஹால். அவர் இறந்து நாற்பது ஆண்டுகள் கழித்து அந்த அமைப்பு அவர் பெயரையே தன் பெயராக வைத்துக்கொண்டது. அவரைப் பற்றிய பேச்சு வரும்போதெல்லாம் எழும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். சிலவற்றுக்கு ஒரு வரி போதும்; சிலவற்றுக்கு உட்கார்ந்து கதைதான் சொல்ல வேண்டும்.

'பிரின்ஸ்' என்றால் அரச குடும்பத்தைச் சேர்ந்தவரா?

இல்லை. அது பட்டம் இல்லை, பெயர். பிரின்ஸ், சீசர், பாம்பே, கேட்டோ என்று அடிமைகளுக்குப் பெரிய பெரிய பெயர்களை வைப்பது 18-ஆம் நூற்றாண்டு நியூ இங்கிலாந்தில் சர்வசாதாரணம். காலில் போடச் சொந்தச் செருப்பு இல்லாதவனை 'சீசர்' என்று கூவி அழைப்பதில் எசமானர்களுக்கு ஒரு குறும்பு இன்பம் இருந்திருக்க வேண்டும். 'ஹால்' என்பது எசமானரின் குடும்பப் பெயர். 'இளவரசர் ஹால்' என்று மொழிபெயர்த்த கட்டுரை எதையாவது பார்த்தால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

லாட்ஜ் என்கிறீர்களே, தங்கும் விடுதியா?

தமிழில் அந்தச் சொல்லுக்கு அதுதான் பொருளாகிவிட்டது. ஃப்ரீமேசன்களின் லாட்ஜ் வேறு. மேசன் என்றால் கொத்தனார். இடைக்கால ஐரோப்பாவில் தேவாலயம் கட்டிய கல்தச்சர்கள் வேலையிடத்தில் போட்டுக்கொண்ட கொட்டகைக்கு லாட்ஜ் என்று பெயர். பிற்காலத்தில் கரண்டியே பிடித்தறியாத வணிகர்களும் பிரபுக்களும் அந்தக் கொத்தனார்களின் சடங்குகளையும் சின்னங்களையும் எடுத்துக்கொண்டு ஒரு சகோதரத்துவ அமைப்பை உருவாக்கினார்கள். மூலைமட்டமும் கவராயமும் அதன் முத்திரை. 1717-இல் லண்டனில் முதல் கிராண்ட் லாட்ஜ், அதாவது லாட்ஜுகளுக்கெல்லாம் மேலான தலைமைச் சபை, தொடங்கியது. அந்தத் தலைமைச் சபை எழுத்தில் அனுமதிப் பத்திரம் கொடுத்தால்தான் ஒரு லாட்ஜ் முறையான லாட்ஜ். இந்த ஒரு விதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; ஹாலின் வாழ்க்கையில் பாதி அதைச் சுற்றித்தான் ஓடுகிறது.

எங்கே, எப்போது பிறந்தார்?

1735-க்கும் 1738-க்கும் இடையில் பிறந்தவர் என்பது ஆய்வாளர்களின் கணக்கு. பார்படாஸ் தீவில் ஓர் ஆங்கிலேயத் தந்தைக்கும் கலப்பினத் தாய்க்கும் பிறந்தார், கப்பலேறி பாஸ்டனுக்கு வந்தார், மதபோதகர் ஆனார் என்றெல்லாம் இன்றும் பல இடங்களில் எழுதுகிறார்கள். 1903-இல் வெளிவந்த ஒரு நூல் கிளப்பிவிட்ட கதை அது. ஆதாரம் தேடிப் போனவர்கள் எல்லோரும் வெறுங்கையோடுதான் திரும்பினார்கள். தங்கள் நிறுவனர் அடிமையாக இருந்தார் என்று சொல்லக் கூசிய ஒருவர், அவருக்கு ஒரு நல்ல பிறப்பைச் செய்து கொடுத்ததாகத்தான் எனக்குத் தோன்றுகிறது. அந்த உதவி ஹாலுக்குத் தேவைப்படவில்லை.

அப்படியானால் அவர் அடிமையாக இருந்தவரா?

ஆம். பாஸ்டனில் வில்லியம் ஹால் என்ற தோல் பதனிடும் தொழிலாளியின் வீட்டில் 1740-களின் இறுதியிலிருந்தே அடிமையாக இருந்தார். அங்கேதான் தொழில் கற்றார். 1770 ஏப்ரல் 9 அன்று எசமானர் எழுதிக் கொடுத்த விடுதலைச் சீட்டு அவரை இனி அடிமையாகக் கருதக்கூடாது என்கிறது.

தேதியைக் கவனியுங்கள். அதற்குச் சரியாக ஐந்து வாரங்களுக்கு முன், மார்ச் 5 அன்று, பாஸ்டன் தெருவில் பிரிட்டிஷ் படையினர் கூட்டத்தின்மீது சுட்டார்கள். செத்து விழுந்தவர்களில் கிறிஸ்பஸ் அட்டக்ஸும் ஒருவர், அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்தவர் என்று கருதப்படுபவர். ஊரே சுதந்திரம் சுதந்திரம் என்று கொந்தளித்துக்கொண்டிருந்த வாரங்களில்தான் ஹால் கையில் அந்தக் காகிதம் வந்து சேர்ந்தது. ஒரு மனிதன் தன் உடம்புக்குத் தானே சொந்தக்காரன் என்பதை ஒரு துண்டுக் காகிதம் தீர்மானிக்கும் உலகம் அது. காகிதத்தின் வலிமை என்ன என்பதை யாரும் அவருக்குப் பாடம் நடத்த வேண்டியிருக்கவில்லை.

பிழைப்புக்கு என்ன செய்தார்?

தோல் வேலை. பாஸ்டனின் வாட்டர் தெருவில் 'தங்கக் கம்பளி' என்ற அடையாளப் பலகையோடு ஒரு கடை வைத்திருந்தார். விருந்துகளுக்குச் சமையல் ஏற்பாடு செய்யும் வேலையும் பார்த்தார். வரி கட்டினார், வாக்களித்தார்.

1777 ஏப்ரலில் அவர் எழுதிய ஒரு ரசீது தப்பிப் பிழைத்திருக்கிறது. பாஸ்டன் பீரங்கிப் படைக்கு முரசுத் தோல் ஐந்து செய்து கொடுத்ததற்கான ரசீது. ஐந்தே ஐந்து தோல்தான். ஆனால் சுதந்திரப் போரில் முரசு வெறும் வாத்தியம் இல்லை. கூடு, கலை, முன்னேறு, பின்வாங்கு என்று படைக்குக் கட்டளை போனது அதன் அடியில்தான். விடுதலைப் போரின் முரசொலியில் கொஞ்சம், ஏழு ஆண்டுகளுக்கு முன்புவரை அடிமையாக இருந்தவர் பதனிட்ட தோலிலிருந்து எழுந்தது.

இன்னொரு பொருத்தமும் உண்டு. மேசன் சடங்குகளில் உறுப்பினர் இடுப்பில் கட்டிக்கொள்வது வெள்ளை ஆட்டுக்குட்டித் தோலால் ஆன ஏப்ரன். மற்றவர்களுக்கு அது தூய்மையின் சின்னம். ஹாலுக்கு அது தொழிலும்கூட. அந்தத் தோல் எத்தனை ஊறலுக்கும் சுரண்டலுக்கும் பிறகு வெள்ளையாகிறது என்று அந்த அறையில் அவருக்குத்தான் தெரிந்திருக்கும்.

பிரிட்டிஷ் படையினரின் லாட்ஜில் போய்ச் சேர்ந்தார் என்கிறார்களே, அது எப்படி?

உண்மைதான். அமெரிக்கக் குடியேற்றக்காரர்களின் லாட்ஜுகள் கறுப்பினத்தவரைச் சேர்க்கவில்லை. பாஸ்டனில் பாளையமிட்டிருந்த பிரிட்டிஷ் படையின் 38-ஆம் காலாட்படைப் பிரிவுக்குள் அயர்லாந்து கிராண்ட் லாட்ஜின் அனுமதி பெற்ற 441-ஆம் எண் லாட்ஜ் ஒன்று இயங்கியது. படை போகும் இடத்துக்கெல்லாம் கூடவே போகும் நடமாடும் லாட்ஜ். அதில் இருந்த ஜான் பாட் என்ற சார்ஜென்ட், ஹாலையும் இன்னும் 14 சுதந்திரக் கறுப்பினத்தவரையும் உறுப்பினர்களாக்கினார். மரபாகச் சொல்லப்படும் தேதி 1775 மார்ச் 6.

ஆறு வாரம் கழித்து லெக்சிங்டனில் அமெரிக்கச் சுதந்திரப் போர் வெடித்தது. 1776 மார்ச்சில் பிரிட்டிஷ் படை பாஸ்டனை விட்டே கப்பலேறிவிட்டது. இந்தப் பதினைந்து பேரும் கரையில் நின்றார்கள். உறுப்பினர்கள் இருக்கிறார்கள், லாட்ஜ் இல்லை.

கிடைத்தது அரைகுறை அனுமதி. கூடலாம்; மேசன்கள் கொண்டாடும் புனித ஜான் திருநாளில் ஊர்வலம் போகலாம்; இறந்த சகோதரர்களை முறைப்படி அடக்கம் செய்யலாம். புது உறுப்பினரைச் சேர்த்துப் படிநிலை கொடுக்கக்கூடாது. செத்தவர்களைப் புதைக்கலாம், புதியவர்களைச் சேர்க்கக்கூடாது என்றால் அந்தச் சங்கம் எத்தனை நாளைக்கு உயிரோடு இருக்கும்? அனுமதி கொடுத்தவர்களுக்கும் அது தெரியாமல் இருந்திருக்காது. இந்தக் கட்டுக்குள் ஹாலைத் தலைவராகக் கொண்டு 'ஆப்பிரிக்க லாட்ஜ்' நடக்கத் தொடங்கியது.

வெள்ளையர் லாட்ஜுகள் சேர்க்க மறுத்ததற்கு விதி ஏதாவது காரணமா?

விதி ஒன்றைக் காட்டினார்கள். 1723-இல் லண்டனில் அச்சான மேசன் விதிநூல், உறுப்பினராக வருபவர் 'சுதந்திரராகப் பிறந்தவர்' ஆக இருக்க வேண்டும் என்கிறது. அடிமையாகப் பிறந்து பின்னால் விடுதலை பெற்றவரை வெளியே நிறுத்த இந்த ஒரு சொல் போதும். இங்கிலாந்து கிராண்ட் லாட்ஜ் 1847-இல் 'பிறந்தவர்' என்பதை எடுத்துவிட்டது. அமெரிக்காவில் அதற்குப் பின்னும் பல பத்தாண்டுகள் அதைப் பிடித்துக்கொண்டு தொங்கினார்கள்.

விதியெல்லாம் சாக்கு. பாஸ்டனில் இருந்த ஜெரமி பெல்க்னாப் என்ற பாதிரியார், வரலாற்றாசிரியரும்கூட, 1795-இல் இதை விசாரித்து எழுதியிருக்கிறார். கறுப்பினத்தவரோடு சமமாக உட்கார வெள்ளை மேசன்களுக்கு வெட்கம், அவ்வளவுதான் என்பது அவர் கண்டது.

ஊரார் இவர்களை எப்படிப் பார்த்தார்கள்?

கேலியாக. 1782 டிசம்பரில் ஆப்பிரிக்க லாட்ஜ் புனித ஜான் திருநாளைக் கொண்டாடி ஊர்வலம் போனது. பாஸ்டன் செய்தித்தாள் ஒன்று அதைப் பற்றி எழுதும்போது 'புனித கறுப்பன் லாட்ஜ்' என்று நையாண்டி செய்தது. டிசம்பர் 30 தேதியிட்டு ஹால் இன்னொரு பத்திரிகைக்குப் பதில் எழுதினார். கோபத்தின் சாயலே இல்லாத பதில். செய்தி எழுதியவர் நல்லெண்ணத்தோடுதான் எழுதியிருப்பார் என்று நம்புகிறோம் என்று தொடங்கி, எங்கள் பெயர் நீங்கள் எழுதியது இல்லை, பெரிய பட்டங்களுக்கு நாங்கள் ஆசைப்படவும் இல்லை, கடவுளிடம் அன்பும் மனிதர் எல்லோரிடமும் அன்பும் எங்கள் நெஞ்சில் பரவ வேண்டும் என்பதே வேண்டுதல் என்று முடிக்கிறார். வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவது என்போமே, அது இதுதான். கீழே கையெழுத்து: பிரின்ஸ் ஹால், தலைவர்.

லண்டனிலிருந்து அனுமதிப் பத்திரம் எப்படிக் கிடைத்தது?

உள்ளூரில் கதவு திறக்காது என்று தெரிந்ததும் ஹால் கடலுக்கு அப்பால் இருந்த கதவைத் தட்டினார். 1784 மார்ச் 2 அன்று லண்டனில் வில்லியம் மூடி என்பவருக்குக் கடிதம் எழுதினார். மூடி அங்கே 'சகோதர அன்பு' என்ற 55-ஆம் எண் லாட்ஜின் தலைவர். ஆப்பிரிக்க லாட்ஜைச் சேர்ந்தவர்கள் லண்டன் போயிருந்தபோது அந்த லாட்ஜ் அவர்களை அன்போடு வரவேற்றிருந்தது. அதற்கு நன்றி சொல்லி, ஏறக்குறைய எட்டு ஆண்டுகளாக ஊர்வலம் போகவும் அடக்கம் செய்யவும் மட்டுமே அனுமதி வைத்துக்கொண்டு நடத்துகிறோம், எங்களுக்கு முழு உரிமைப் பத்திரம் வாங்கித் தாருங்கள் என்று கேட்டார்.

லண்டன் தாமதிக்கவில்லை. 1784 செப்டம்பர் 29 தேதியிட்டுப் பத்திரம் தயாரானது. கிராண்ட் மாஸ்டராக, அதாவது தலைமைச் சபையின் தலைவராக இருந்த கம்பர்லாந்து கோமகனின் அதிகாரத்தின்கீழ், எஃபிங்காம் பிரபு கையெழுத்திட்டார். பிரின்ஸ் ஹால், பாஸ்டன் ஸ்மித், தாமஸ் சாண்டர்சன் ஆகியோர் பெயருக்கு ஆப்பிரிக்க லாட்ஜ், எண் 459.

தயாரான பத்திரம் பாஸ்டன் வந்து சேர இரண்டரை ஆண்டுக்கு மேல் ஆனது! கட்டணத்தைக் கொண்டுபோய்க் கட்டி, பத்திரத்தை வாங்கி, பத்திரமாகக் கடல் தாண்டிக் கொண்டுவர நம்பகமான ஆள் வேண்டும். கடைசியில் ஸ்காட் என்ற கப்பல் தலைவர் கொண்டுவந்தார். 1787 ஏப்ரல் 29 அன்று அது ஹால் கைக்கு வந்தது. அடுத்த சில நாட்களிலேயே, கேப்டன் ஸ்காட் மூலம் லண்டனிலிருந்து எங்கள் பத்திரம் வந்துவிட்டது என்று பாஸ்டன் செய்தித்தாளில் அறிவிப்புக் கொடுத்தார் ஹால். 'புனித கறுப்பன் லாட்ஜ்' என்று சிரித்த ஊரும் அதைப் படித்திருக்கும்.

வேடிக்கை என்னவென்றால், அப்போது அமெரிக்கா பிரிட்டனைத் தோற்கடித்து நாலு வருடம் ஆகியிருந்தது. சகோதரத்துவம் பேசிய சொந்த ஊர்க்காரர்கள் தராத அங்கீகாரத்தைத் தோற்றுப்போன நாட்டிடமிருந்து வாங்க வேண்டியிருந்தது.

சுதந்திரப் போரில் துப்பாக்கி ஏந்தினாரா?

மாசச்சூசெட்ஸ் படைப் பட்டியல்களில் பிரின்ஸ் ஹால் என்ற பெயரில் பலர் இருக்கிறார்கள். முரசுத் தோல் செய்த நம்மவர் அவர்களில் யார் என்று விரல் வைத்துக் காட்ட அந்தப் பட்டியல்களால் முடியவில்லை. 1792 உரையில், கறுப்பினத்தவரும் வெள்ளையரும் தோளோடு தோள் நின்று போரிட்டதை அவர் பெருமையாக நினைவூட்டுகிறார்.

அவர் எழுதிய மனுக்கள் என்ன ஆயின?

பெரும்பாலும் தூக்கிப் போடப்பட்டன. ஆனாலும் வரிசையாகப் பார்த்தால்தான் ஆள் யார் என்று புரியும்.

1777 ஜனவரி 13: அடிமை முறையை ஒழிக்கக் கோரி எட்டுப் பேர் மாசச்சூசெட்ஸ் சட்டமன்றத்துக்குக் கொடுத்த மனு. மனிதர் எல்லோரையும் போலவே எங்களுக்கும் இயற்கை தந்த, பிடுங்க முடியாத சுதந்திர உரிமை உண்டு என்கிறது. அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனம் வெளிவந்து ஆறே மாதம். அதன் சொற்களையே எடுத்து எழுதியவர்கள் முகத்துக்கு நேராகத் திருப்பிப் பிடித்தார்கள். சட்டமன்றம் சட்டம் எதுவும் போடவில்லை. 1780-இல் வந்த மாநில அரசியலமைப்பும், அதை வைத்து 1783-இல் குவாக் வாக்கர் என்ற அடிமையின் வழக்கில் வந்த தீர்ப்பும்தான் அங்கே அடிமை முறைக்கு முடிவு கட்டின. 1790 மக்கள்தொகைக் கணக்கில் மாசச்சூசெட்ஸில் அடிமைகள் எண்ணிக்கை பூஜ்யம்.

1786 நவம்பர்: மேற்கு மாசச்சூசெட்ஸில் கடனில் மூழ்கிய விவசாயிகள் டேனியல் ஷேஸ் தலைமையில் கிளர்ந்தெழுந்தார்கள். அரசுக்குத் துணையாக 700 கறுப்பினத்தவரைத் திரட்டித் தருகிறேன் என்று ஆளுநர் ஜேம்ஸ் பௌடினுக்கு ஹால் எழுதினார். ஆளுநர் வேண்டாம் என்றுவிட்டார். (கடன்பட்ட ஏழை விவசாயிகளுக்கு எதிராக அரசு பக்கம் போய் நின்றாரே என்று இன்று சிலருக்கு நெருடுகிறது. எனக்கும் நெருடுகிறது. அரசுக்கு விசுவாசமானவர்கள் என்று காட்டினாலாவது குடிமக்களாக மதிப்பார்கள் என்ற கணக்கு அது; கணக்குத் தப்பிவிட்டது.)

1787 ஜனவரி 4: அந்த மறுப்புக்கு நாற்பது நாள்கூட ஆகவில்லை, 73 பேர் கையெழுத்தோடு இன்னொரு மனு. ஆப்பிரிக்காவுக்கே குடிபெயர்ந்து போக எங்களுக்கு உதவுங்கள் என்கிறது. இரண்டு மனுக்களையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால் இடையில் அந்த மனம் பட்ட பாடு தெரியும். இதற்கும் பலன் இல்லை.

1787 அக்டோபர் 17: பள்ளிக்கூட மனு. நாங்களும் வரி கட்டுகிறோம். அந்த வரியில் நடக்கும் இலவசப் பள்ளிகளில் எங்கள் பிள்ளைகளுக்கு இடம் இல்லை. நேரடியான வாதம், நேரடியான நிராகரிப்பு. கறுப்பினக் குழந்தைகளுக்கான பள்ளி 1798-இல் பிரைமஸ் ஹால் என்பவர் வீட்டில்தான் தொடங்கியது. பெயர் ஒற்றுமையை வைத்து அவரை பிரின்ஸ் ஹாலின் மகன் என்று எழுதிவிடுகிறார்கள். ஆவணங்கள் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

ஒரு மனுவாவது ஜெயித்ததா?

ஒன்று ஜெயித்தது.

1788 பிப்ரவரியில் பாஸ்டனில் சுதந்திரமாக வாழ்ந்த கறுப்பினத்தவர் மூன்று பேரை ஒரு கப்பல் தலைவன் வேலை இருக்கிறது என்று சொல்லிக் கப்பலுக்கு அழைத்தான். கீழ்த்தளத்தில் வேலை என்று இறங்கியவர்களை அங்கேயே அடைத்துவிட்டுப் பாய் விரித்தான். மேற்கிந்தியத் தீவுகளில் கொண்டுபோய் அடிமைகளாக விற்பது திட்டம். மூவரில் ஒருவர் ஆப்பிரிக்க லாட்ஜின் உறுப்பினர்.

பிப்ரவரி 27 அன்று ஹாலும் லாட்ஜைச் சேர்ந்த இருபதுக்கும் மேற்பட்டோரும் சட்டமன்றத்துக்கு மனு எழுதினார்கள். எங்கள் சகோதரர்களை வலை வீசிப் பிடித்துப் போகிறார்கள், எங்களில் யார்தான் நிம்மதியாகக் கடலுக்கு வேலைக்குப் போக முடியும் என்று கேட்டார்கள். இந்த முறை அவர்கள் தனித்து நிற்கவில்லை. அடிமை முறையை எதிர்த்த கிறிஸ்தவப் பிரிவினரான குவாக்கர்கள் மனுக் கொடுத்தார்கள். பெல்க்னாப் முன்நின்று பாஸ்டன் பாதிரிமார்களிடம் கையெழுத்து வாங்கினார். ஒரு மாதம் ஆகவில்லை, மார்ச் 26 அன்று அடிமை வணிகத்தைத் தடுக்கும் சட்டம் வந்தது. கடத்தப்பட்டவர்களின் குடும்பத்தார் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடவும் அது வழி செய்தது. ஆளுநர் ஜான் ஹான்காக்கும் பிரெஞ்சுத் தூதரும் மேற்கிந்தியத் தீவுகளின் ஆளுநர்களுக்குக் கடிதம் எழுதினார்கள்.

கப்பல் செயின்ட் பார்த்தலமி தீவுக்குப் போய்ச் சேர்ந்தது. மூவரையும் ஒரு வணிகரிடம் விலை பேசினார்கள். லாட்ஜ் உறுப்பினர் அங்கே மேசன்களின் அடையாளத்தைக் காட்டினார். அந்த வணிகரும் மேசன்! இருவருக்கும் பழக்கமாகி, நடந்த கதை முழுவதும் வெளிவந்தது. விஷயம் தீவின் ஆளுநரிடம் போனது, விற்பனை நின்றது. அந்தக் கோடையில் மூவரும் பாஸ்டன் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள்.

வந்த மறுநாள் காலை ஹால் அவர்களைக் கூட்டிக்கொண்டு பெல்க்னாப் வீட்டுக்குப் போனார். நமக்காக மனுப் போட்டு உங்களுக்கு இவ்வளவு உதவிய மனிதர் இவர்தான் என்று அறிமுகப்படுத்தினார். பெல்க்னாப் தன் கடிதத்தில் அதை நெகிழ்ந்து எழுதியிருக்கிறார். எழுதியும் கையெழுத்திட்டும் ஓயாத ஒரு மனிதருக்கு, காகிதம் மூன்று உயிருள்ள ஆட்களாகத் திரும்பி வந்து நின்ற ஒரே தருணம் அது.

இது இரகசியச் சங்கம்தானே? உள்ளே என்னதான் செய்தார்கள்?

சடங்குகளும் கைகுலுக்கும் முறைகளும் இரகசியம். செயின்ட் பார்த்தலமியில் ஓர் உயிரைக் காத்தது அந்த இரகசியம்தான் என்பதை மறக்க வேண்டாம். மற்றபடி செத்தவரை அடக்கம் செய்வது, விதவைக்கு உதவுவது, நோயாளியைப் பார்ப்பது. 1795-இல் லாட்ஜில் மொத்தம் முப்பது பேர், நல்லொழுக்கம் பார்த்துத்தான் சேர்க்கிறார்கள் என்பது பெல்க்னாப் தரும் தகவல்.

அவருடைய உரைகள் கிடைக்கின்றனவா?

இரண்டு கிடைக்கின்றன. 1792 ஜூனில் சார்ல்ஸ்டவுனிலும், 1797 ஜூன் 24 அன்று மெனாட்டமியிலும் (இன்று ஆர்லிங்டன் எனப்படும் ஊர்) லாட்ஜ் சகோதரர்களுக்கு ஆற்றியவை. இரண்டும் அப்போதே சிறு நூலாக அச்சாயின. அமெரிக்காவில் கறுப்பினத்தவர் எழுதி அச்சான தொடக்ககால நூல்களில் இவற்றுக்கு இடம் உண்டு.

முதலாவது அடக்கமானது: வீண் செலவைக் குறையுங்கள், மிச்சத்தைப் பிள்ளைகள் படிப்புக்கு வையுங்கள் என்கிறது. ஐந்து ஆண்டில் குரல் மாறிவிட்டது. பாஸ்டன் தெருக்களில், அதுவும் திருவிழா நாட்களில், கறுப்பினத்தவர் படும் அவமானத்தை ஒவ்வொன்றாகச் சொல்கிறார். வயதான பெண்களின் உடையைக் கிழிக்கிறார்கள், நீங்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கிறீர்கள் என்கிறார். நம் வழக்கு அப்படியே அவர் வாயிலும் வருவது ஆச்சரியம். உங்களை அடிப்பவர்களுக்கு ஒற்றைக்கு ஒற்றை நிற்கத் துணிச்சல் கிடையாது, கும்பலாகத்தான் வருவார்கள் என்றும் சொல்கிறார். பொறுமையாக இருங்கள் என்கிறார். ஆனால் பொறுமையைச் சொல்லிவிட்டு எங்கே போகிறார் என்று பாருங்கள்: ஹெய்ட்டிக்கு. ஆறு ஆண்டுகளுக்கு முன் அங்கே காலை முதல் மாலை வரை சாட்டைச் சத்தம் மட்டுமே கேட்டது, இன்று காட்சி மாறிவிட்டது என்கிறார். அடிமைகள் எழுந்து எசமானர்களை விரட்டிய புரட்சியைக் கடவுளின் செயலாக 1797-இல் ஒரு பொது மேடையில் சொல்வதற்கு நெஞ்சுரம் வேண்டும்.

எனக்குப் பிடித்த பகுதி வேறு. எழுத்தறிவில்லாத தன் மக்களைப் பற்றி அவர் சொல்வது: ஒருமுறை வாசிக்கக் கேட்ட பிரசங்கத்தை முழுசாகத் திருப்பிச் சொல்வார்கள், எழுத்து தெரியாத கடலோடி வானத்தைப் பார்த்தே வழி கணிப்பான். பள்ளிக்காக மனுப் போட்டுத் தோற்றவர், பள்ளி இல்லாமலே வளர்ந்த அறிவுக்கு வணக்கம் சொல்கிறார்.

பாஸ்டனுக்கு வெளியே பரவியது எப்படி?

1797-இல் ஃபிலடெல்ஃபியாவிலும் ராட் ஐலண்டின் பிராவிடன்ஸிலும் லாட்ஜ் தொடங்க ஹால் அனுமதி கொடுத்தார். ஃபிலடெல்ஃபியாவில் அப்சலோம் ஜோன்ஸ், ரிச்சர்ட் ஆலன் போன்றவர்கள் சேர்ந்தார்கள். கறுப்பினத்தவருக்கான தனித் தேவாலயங்களை எழுப்பியவர்கள் அவர்கள்தான்.

குடும்பம்?

முதல் மனைவி சாரா ரிச்சி, அடிமையாக இருந்தவர், 1763-இல் மணந்தார். அவர் இறந்தபின் 1770-இல் ஃப்ளோரா கிப்ஸ். அதன்பின்னும் திருமணப் பதிவுகளில் பிரின்ஸ் ஹால் என்ற பெயர் வருகிறது. முன்பே சொன்ன பெயர்க் குழப்பத்தால் அவற்றை எல்லாம் இவர் கணக்கில் எழுத நான் தயாரில்லை.

எப்போது இறந்தார்? கல்லறை எங்கே?

1807 டிசம்பரில் இறந்தார். செய்தித்தாள்கள் சொல்லும் தேதி 4. கல்லறைக் கல்லில் 7. பாஸ்டனின் வடக்குப் பகுதியில் காப்ஸ் ஹில் இடுகாட்டில் கிடக்கிறார். அவருக்கென்று தனிக் கல் நடவில்லை. முதல் மனைவி சாராவின் கல்லின் பின்பக்கத்தில்தான் அவர் பெயரைப் பொறித்தார்கள். 1895-இல் மேசன்கள் அருகே ஒரு தூண் எழுப்பினார்கள். 2010-இல் கேம்பிரிட்ஜ் நகரப் பொதுத்திடலில் கருங்கல் நினைவுச்சின்னம் ஒன்றும் திறக்கப்பட்டது.

லாட்ஜுக்கு அவர் பெயர் எப்போது வந்தது?

அவர் உயிரோடு இருந்தவரை அது ஆப்பிரிக்க லாட்ஜ்தான். 1813-இல் இங்கிலாந்தின் இரண்டு கிராண்ட் லாட்ஜுகளும் ஒன்றானபோது, தொடர்பு அறுந்துபோன லாட்ஜ் என்று இதன் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டார்கள். 1827-இல் பாஸ்டன்காரர்கள் இனி நாங்கள் யாருக்கும் கீழ்ப்பட்டவர்கள் இல்லை என்று அறிவித்தார்கள். 1847-இல் பிரின்ஸ் ஹால் கிராண்ட் லாட்ஜ் என்று பெயர் மாறியது. இன்று கறுப்பின மேசன்களின் அந்த முழுக் கிளைக்கும் அதுவே பெயர்.

ஹாலுக்குப் பின் தலைமைக்கு வந்தவர்களில் நீரோ பிரின்ஸ் என்று ஒருவர். கடலோடி. ரஷ்யாவுக்குப் போய் ஜார் மன்னரின் அரண்மனையில் பணிக்குச் சேர்ந்துவிட்டார். அவர் கதைக்குத் தனிப் பக்கமே வேண்டும்.

வெள்ளையர் லாட்ஜுகள் பிறகாவது ஏற்றுக்கொண்டனவா?

ஏற்றுக்கொள்ள முயன்றவர்களை மற்றவர்கள் விடவில்லை. 1898-இல் வாஷிங்டன் மாநில கிராண்ட் லாட்ஜ் முன்வந்தது. மற்ற மாநிலங்கள் உறவை முறிக்கவே பின்வாங்கியது. 1947-இல் மாசச்சூசெட்ஸ் ஏற்றது. 1949-இல் திரும்பப் பெற்றது. 1989-இல் கனெக்டிகட் ஏற்று, அதில் உறுதியாக நின்றது. அதன்பின் ஒவ்வொரு மாநிலமாக வந்தன. 1994-இல் இங்கிலாந்து கிராண்ட் லாட்ஜ் மாசச்சூசெட்ஸ் பிரின்ஸ் ஹால் கிராண்ட் லாட்ஜை அங்கீகரித்தது. 1784-இல் தானே பத்திரம் கொடுத்த லாட்ஜை மறுபடி அடையாளம் காண 210 ஆண்டுகள்.

இந்தக் கிளையில் இருந்தவர்கள் யார்?

அமெரிக்க உச்சநீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி தர்குட் மார்ஷல், கறுப்பின அறிஞர் டூ பாய்ஸ், இசைக்கலைஞர் டியூக் எலிங்டன், கறுப்பினத்தவரின் உரிமைக்காகப் போராடிய மெட்கர் எவர்ஸ் என்று பட்டியல் நீளும். பெயர்களைவிடக் கட்டடங்கள் முக்கியம். கறுப்பினத்தவருக்குக் கூட்டம் நடத்த இடம் கொடுக்க ஊரே அஞ்சிய காலத்தில் இவர்களுடைய மண்டபங்கள் சொந்தக் கட்டடங்கள். வாடகைக்காரனை விரட்டுவதுபோல் யாரும் விரட்ட முடியாது. மிசிசிப்பியின் ஜாக்சனில் எவர்ஸின் அலுவலகம் மேசன் மண்டபத்தில்தான் இருந்தது. 1963-இல் அவர் சுட்டுக் கொல்லப்பட்டபின் இறுதிச் சடங்கும் அங்கேதான் நடந்தது. அட்லாண்டாவில் மார்ட்டின் லூதர் கிங்கின் இயக்கத் தலைமையகமும் பிரின்ஸ் ஹால் மண்டபத்தில்தான் இருந்தது.

லண்டனிலிருந்து வந்த அந்தப் பத்திரம் இன்னும் இருக்கிறதா?

இருக்கிறது. ஓர் உலோகக் குழாயில் சுருட்டி கிராண்ட் லாட்ஜின் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். 1869-இல் பாஸ்டனில் அந்தக் கட்டடம் தீப்பிடித்தது. ஆவணங்கள் பல சாம்பலாயின. அப்போது கிராண்ட் மாஸ்டராக இருந்த கெண்டால் என்பவர் எரியும் கட்டடத்துக்குள் தவழ்ந்து போய்க் குழாயை எடுத்துவந்தார். சுடர் உள்ளே போகவில்லை, சூடு போயிருந்தது. பிரித்துப் பார்த்தபோது பத்திரம் கருகிப் பழுப்பேறியிருந்தது. எழுத்து அழியவில்லை.